சுவரை இடிக்கும் முன் சிங்க்கைப் பாருங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாம் தளத்தில் சொந்த வீடு. கணவர், பள்ளி செல்லும் மகள், 68 வயது மாமியார் என வீட்டில் நான்கு பேர். சமையலறை 8 அடிக்கு 11 அடி. அதை ஒட்டிய ஹால் 12 அடிக்கு 18 அடி. இரண்டுக்கும் நடுவே 11 அடி நீளச் சுவர், அதில் ஒரு வாசல். இப்போதைய நகர வீடுகளின் பாணியில் சமையலறையை மாற்றிவிட வேண்டும் என்பது கணவரின் ஆசை. வடிவமைப்பு நிறுவனம் ஒன்று முப்பரிமாணப் படம் தயாரித்துக் கொடுத்திருக்கிறது. சுவரை முழுவதும் எடுத்துவிட்டு அங்கே சிங்க், அடுப்பு இரண்டும் பொருத்திய ஐலண்ட் மேடை (எந்தச் சுவரையும் ஒட்டாமல் தனியாக நிற்கும் மேடை), அதன் ஹால் பக்கத்தில் மூன்று ஸ்டூல், கைப்பிடியே இல்லாத, பளபளப்பில்லாத கறுப்பு மேட் கேபினெட்டுகள், வெள்ளை மார்பிள் மேடை, மேலே கதவில்லாத திறந்த தட்டுகள். மேடையின் உயரம் 90 செ.மீ. சிம்னிக்குப் புகைக்குழாய் தேவையில்லை, கரி ஃபில்டரே போதும் என்கிறார்கள். சுவரைத் தட்டிப் பார்த்த மேஸ்திரி, "இது வெறும் தடுப்புச் சுவர்தான்" என்று சொல்லிவிட்டார். பத்து நாளுக்குள் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். வீட்டில் பெரும்பாலும் சமைப்பவர் மாமியார். அவருடைய உயரம் 147 செ.மீ., வாசகியின் உயரம் 165. தினமும் இரண்டு வேளை வறுப்பதும் வதக்குவதும் உண்டு. "எனக்கும் அந்தப் படம் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. தேவையில்லாமல் பயப்படுகிறேனா?" என்று கடிதம் முடிகிறது.

பதில்

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் பயம் தேவையான பயம்தான். உறுத்துவது எது என்றும் சொல்லிவிடலாம். அந்தப் படத்தில் கழிவுநீர் வெளியேறும் வழி இல்லை, புகை வெளியேறும் வழி இல்லை, எடுக்கப்போகும் சுவர் எதைத் தாங்கி நிற்கிறது என்ற விவரமும் இல்லை. இந்த மூன்றும் முடிவான பிறகுதான் நிறத்தையும் கல்லையும் பற்றிப் பேச வேண்டும். உங்களுக்கு நடந்திருப்பது தலைகீழ் வரிசை. நிறுவனத்தின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. படம் வரைவது சுலபம், குழாய் வரைவது கடினம் என்பதால் பல இடங்களில் இப்படித்தான் ஆகிறது.

உங்கள் கணவரின் ஆசையையும் நான் தள்ளிவிடவில்லை. அடைத்த சமையலறையில் சமைப்பவர் தனியாக நிற்கிறார், வெளிச்சம் குறைவு, மகள் ஹாலில் என்ன செய்கிறாள் என்று தெரிவதில்லை. திறப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் திறப்பது என்றால் சுவரை முழுக்க இடிப்பது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்றைய மாடுலர் சமையலறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை. அதன் அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். உங்களுடையது ஏறத்தாழ அதே நீளம், அகலத்தில் அரை மீட்டர் கூடுதல். அந்தச் சமையலறைக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுவே அவர் வைத்தது நகரும் கதவு. தேவைப்படும்போது திறக்கலாம், புகை வரும்போது மூடலாம். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. உங்கள் வீட்டுக்கும் நான் பரிந்துரைக்கப்போவது அந்த வகை ஏற்பாட்டைத்தான். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிங்க்கை நகர்த்தினால் சரிவும் கூடவே வரும்

நல்ல தண்ணீர்க் குழாயை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், அதில் அழுத்தம் இருக்கிறது. கழிவுநீருக்கு அழுத்தம் கிடையாது. சரிவில் மட்டுமே ஓடும். சமையலறைக் கழிவில் எண்ணெயும் பருக்கைகளும் இருப்பதால் மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை சரிவு தேவை. உங்கள் கடிதத்துடன் வந்த வரைபடத்தில் கழிவுநீர்க் குழாய் கீழே இறங்கும் ஷாஃப்ட், வெளிச்சுவரின் ஒரு மூலையில் இருக்கிறது. ஐலண்டிலிருந்து அங்கே போய்ச் சேர, குறுக்கே ஒன்றரை மீட்டரும் நெடுக்கே மூன்று மீட்டரும் ஆக நாலரை மீட்டர் குழாய் ஓட வேண்டும். சரிவுக்கு மட்டும் 9 முதல் 11 செ.மீ. அதோடு 5 செ.மீ. குழாய், அதன்மேல் பூச்சு, டைல் எல்லாம் சேர்த்தால் ஐலண்ட் நிற்கும் இடத்தின் தரை 18 செ.மீ. அளவுக்கு உயரும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு படி முளைக்கும். 68 வயதுக்காரர் சூடான பாத்திரத்துடன் அந்தப் படியை நாளுக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார் என்று யோசியுங்கள்.

தளத்தில் துளையிட்டு அடிப்பக்கமாகக் குழாய் கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் தளத்தின் அடிப்பக்கம் நான்காம் தளத்துக்காரரின் கூரை. குழாய் அவருடைய வீட்டுக்குள் தொங்கும். அவர் சம்மதிக்கவும் மாட்டார், சம்மதிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. தளத்துக் கம்பிகளை அறுக்கும் ஆபத்து தனி.

சரிவைக் குறைத்து ஒப்பேற்றினால் என்ன ஆகும்? முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. பிறகு குழாயின் அடியில் எண்ணெய் படிந்து இறுகும், தண்ணீர் மெதுவாக இறங்கும், ஒருநாள் நின்றுவிடும். அடைப்பெடுக்கத் தரையை உடைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சிங்க்கின் அடியிலுள்ள வளைகுழாயில் 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் நின்றுதான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. காற்றுக்குழாய் இல்லாமல் நீளமாக ஓடும் குழாயில் தண்ணீர் ஒரேயடியாக வடியும்போது அந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். "புதுச் சமையலறையில் நாற்றம் வருகிறது" என்ற புகாரில் நான் முதலில் கேட்பது, சிங்க்கை எங்கிருந்து எங்கே மாற்றினீர்கள் என்பதைத்தான்.

ஆக, சிங்க் இப்போதிருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பக்கவாட்டில் அரை மீட்டர் நகர்த்துவதில் தவறில்லை.

ஐலண்டுக்கு இடமும் போதாது. வெளிச்சுவர் மேடை 60 செ.மீ., நடைபாதை 120, ஐலண்ட் 90 என்றாலே 2.7 மீட்டர் ஆகிவிடுகிறது. ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்து அவர் பின்னால் இன்னொருவர் நடக்க மேலும் 110 செ.மீ. வேண்டும். சுவரின் கனத்தையும் கணக்கில் எடுத்தால் ஹாலில் ஏறத்தாழ நாலேகால் அடியை ஐலண்ட் விழுங்கிவிடும். 12 அடி ஹாலில் மிச்சம் ஏழே முக்கால் அடி. படத்தில் இது தெரியாததற்குக் காரணம், கேமராவை வைத்த இடம் சோபா இருக்க வேண்டிய இடம்.

புகைக்குக் கரி ஃபில்டர் போதாது

குழாயில்லாத சிம்னி காற்றை உள்ளே இழுத்து, ஃபில்டர் வழியாக வடித்து, அதே அறைக்குள் திரும்ப விடுகிறது. உலோக ஃபில்டர் எண்ணெய்த் துளிகளில் ஒரு பகுதியைப் பிடிக்கும். கரி, வாசனையை ஈர்த்துக்கொள்ளும், நிறைந்ததும் நின்றுவிடும். உங்கள் வீட்டுச் சமையல் அளவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். நீராவியையும் வெப்பத்தையும், கேஸ் எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களையும் அது அகற்றுவதில்லை. குழாய் போடவே வழியில்லாத இடத்தில் ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான். உங்கள் சமையலறைக்கு வெளிச்சுவர் இருக்கும்போது அதை ஏற்க ஒரு காரணமும் இல்லை.

அளவையும் பார்க்க வேண்டும். சமையலறையின் காற்று மணிக்குப் பன்னிரண்டு தடவையாவது மாற வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் அறை, ஒன்பதரை அடி உயரத்தில், ஏறத்தாழ 24 கன மீட்டர். மணிக்கு 285 கன மீட்டர் இழுக்கும் சிம்னி குறைந்தபட்சத் தேவை. சுவரை எடுத்துவிட்டால் ஹாலின் 58 கன மீட்டரும் சேர்ந்து மொத்தம் 82 ஆகிறது. தேவை சுமார் 980. பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன் பெரும்பாலும் குழாய் இணைக்காமல் அளந்தது. ஒவ்வொரு வளைவும் அதைக் குறைக்கும். ஐலண்டின் மேல் தொங்கும் சிம்னிக்குப் பின்னால் சுவர் இல்லாததால் மின்விசிறிக் காற்றே புகையைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அங்கே அடுப்பைவிடப் பக்கத்துக்கு 7 செ.மீ. அகலமான சிம்னி வேண்டும், திறனும் கூடுதலாக வேண்டும், சத்தமும் அதற்கேற்ப ஏறும். ஹாலில் ஒருவர் போனில் பேச முடியாத அளவு சத்தம் வந்தால் வீட்டில் யாரும் அதைப் போடப்போவதில்லை.

அடுப்பை வெளிச்சுவர் மேடையில் வையுங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள குழாயை, வழியில் எங்கும் சுருக்காமல், முடிந்தால் ஒரே வளைவில் வெளியே விடுங்கள். நெளிவுள்ள அலுமினியக் குழாயைவிட வழவழப்பான உள்பரப்புள்ள குழாய் நல்லது; நெளிவுகளில் எண்ணெய் தங்கும். கேஸ் அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் சிம்னியின் அடிப்பகுதி இருக்கட்டும். வெளிச்சுவரில் துளையிடக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கும், முன்பே கேட்டுவிடுங்கள். சிம்னி ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். உள்ளே காற்று வந்தால்தான் வெளியே காற்று போகும்.

திறந்த தட்டுகள் வேண்டுமா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வறுக்கும்போது எழும் எண்ணெய் ஆவி அடுப்பைச் சுற்றிலும் படியும், அதன்மேல் தூசி ஒட்டும். அடுப்புச் சுவரில் திறந்த தட்டே வேண்டாம். ஆசைக்கு எதிர் வரிசையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தினமும் எடுத்துக் கழுவும் தட்டுகளும் டம்ளர்களும் மட்டும் அதில் இருக்கட்டும். கேபினெட் கதவில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டிய ஃபுளூட்டட் பலகையையும் அடுப்பருகே போடாதீர்கள்.

தட்டிப் பார்த்துச் சுவரைத் தெரிந்துகொள்ள முடியாது

மேஸ்திரி நல்ல அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் பூச்சின் கனத்தைப் பொறுத்தே சத்தம் மாறும். மெல்லிய சுவர் என்றால் பாரம் தாங்காத சுவர் என்பது தூணும் உத்திரமும் உள்ள கட்டடங்களில் பெரும்பாலும் சரி. அச்சு அமைத்துச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கும் கட்டடங்களில் அது தவறு. அங்கே உள்சுவரும் கம்பி வைத்த கான்கிரீட். மேல் தளங்களின் பாரம் அதன் வழியாகவே கீழே இறங்குகிறது. அப்படிப்பட்ட சுவரில் ஒரு ஜன்னல் அளவு வெட்டுவதும் கட்டடத்தின் உறுதியைத் தொடும் வேலை.

தெரிந்துகொள்ள ஒழுங்கான வழி இருக்கிறது. கட்டுநரிடமோ சங்கத்திடமோ கட்டமைப்பு வரைபடத்தைக் கேளுங்கள். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்து, அவர் பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். சுவிட்ச் பலகை இல்லாத ஓரிடத்தில் உள்ளங்கை அளவு பூச்சைச் செதுக்கினால் செங்கல்லா, பிளாக்கா, கான்கிரீட்டா என்று தெரிந்துவிடும். சுவருக்குள் ஓடும் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே என்பதையும் அவர் குறித்துத் தர வேண்டும்.

"எங்கள் வீட்டுக்குள் இருக்கும் சுவர், எங்கள் உரிமை" என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் பொதுவாகத் தூண், உத்திரம், தளம், பாரம் தாங்கும் சுவர், வெளிச்சுவர், ஷாஃப்ட் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. உங்கள் பத்திரத்திலும் சங்க விதிகளிலும் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் இடித்தால், பழையபடி கட்டித் தரச் சொல்லவும், மேல் வீட்டில் விரிசல் விழுந்தால் இழப்பீடு கேட்கவும் இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் "அனுமதிகள் வீட்டுக்காரரின் பொறுப்பு" என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அந்த எட்டடி அகலத்துக்கு ஏற்ற அமைப்பு

8 அடி என்பது 2.4 மீட்டர். இரண்டு பக்கமும் 60 செ.மீ. ஆழத்தில் மேடை போட்டால் நடுவில் 120 செ.மீ. மிஞ்சும். ஒருவர் மட்டும் சமைக்க 105 செ.மீ. போதும், இருவர் இடிக்காமல் நின்று வேலை செய்யத் தேவைப்படுவது இந்த 120தான். வெளிச்சுவர் வரிசையில் சிங்க், அடுப்பு, இரண்டுக்கும் நடுவே குறைந்தது 60, முடிந்தால் 90 செ.மீ. வெற்று மேடை. நறுக்குவது அங்கேதான் நடக்கும், அந்த இடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். எதிர் வரிசையில் ஃபிரிட்ஜ், ஓவன், சாமான் வைக்கும் உயர அலமாரி, இன்னொரு நீள மேடை. ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு 90 பாகைக்கு மேல் திறக்காது, உள் டிராயர்கள் வெளியே வராது. சுவர்ப் பக்கம் 5 செ.மீ. விடுங்கள்.

ஹால் பக்கச் சுவரில் இப்போதிருக்கும் வாசல் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கண்ணாடிக் கதவு போடுங்கள். வாசலை அடுத்த பகுதியில் 105 செ.மீ. உயரம் வரை சுவரை விட்டுவிட்டு அதற்கு மேல் ஐந்தடி அகலத்துக்குத் திறந்து, 8 மி.மீ. டெம்பர்டு கண்ணாடியில் நகரும் ஜன்னல் வையுங்கள். திறப்பின் மேல் லிண்டல் போட வேண்டும், இரண்டு முனையும் சுவரில் 15 செ.மீ.க்குக் குறையாமல் உட்கார வேண்டும். ஹால் பக்கம் அதே 105 உயரத்தில் 30 செ.மீ. ஆழப் பலகை, அதற்கு 75 செ.மீ. உயர ஸ்டூல், ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் என்ற கணக்கில் இருவர் தாராளமாக உட்காரலாம். மகள் அங்கே உட்கார்ந்து எழுதலாம், மாமியார் அவளுடன் பேசிக்கொண்டே சமைக்கலாம், வறுக்கும்போது மூடிவிடலாம். படத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்று நிதானமாக யோசித்தால், வெளிச்சமும் பார்வையும்தான் என்று நினைக்கிறேன். இரண்டும் இதில் கிடைத்துவிடுகின்றன.

மேடை உயரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை. 90 செ.மீ. உங்களுக்குப் பொருந்தும். 147 செ.மீ. உயரமுள்ளவரின் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 93 செ.மீ.; மேடை அதைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ இருந்தால்தான் தோளைத் தூக்காமல் நறுக்கவும் கிளறவும் முடியும். அவருக்கு 78 முதல் 83 வரை. 90இல் அடுப்பை வைத்து, அதன்மேல் ஒரு பாத்திரத்தையும் வைத்தால், பாத்திரத்தின் விளிம்பு அவர் மார்பருகே வந்துவிடும். தினமும் இரண்டு வேளை அப்படிக் கையைத் தூக்கிக் கிளறினால் தோள்வலி வராமல் இருக்காது; சூடான எண்ணெயும் முகத்துக்கு அருகே வரும். அவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, நீங்களே அளந்து பாருங்கள். வீட்டில் எப்படி நிற்பாரோ அப்படி, வெறுங்காலா செருப்பா என்பதையும் சேர்த்து.

இரண்டு உயரம் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. அடுப்பும் நறுக்கும் இடமும் 81 செ.மீ. சிங்க் பகுதி 88. சிங்க்கின் அடிப்பரப்பு 20 செ.மீ. கீழே இருப்பதால் சற்று உயர்ந்தால்தான் குனியாமல் கழுவ முடியும். எதிர் வரிசை 88. பாத்திரம் கழுவும் இயந்திரம் வைக்க எண்ணமிருந்தால் அதற்குக் கல்லுக்குக் கீழே 82 செ.மீ. தேவை, எனவே அது 81 செ.மீ. பகுதியில் பொருந்தாது, சிங்க் பக்கம் வையுங்கள். நறுக்கும் இடத்துக்கும் சிங்க்குக்கும் நடுவே 7 செ.மீ. ஏற்றம் வரும். படத்தில் ஒரே நேர்கோடாக இருந்த மேடை உடையும். வீட்டில் யாருக்கும் அது உறுத்தாது.

கறுப்பு மேட், கைப்பிடி, வெள்ளைக் கல்

கறுப்பு மேட் பரப்பில் எண்ணெய் விரல்தடம் மற்ற நிறங்களைவிட அதிகமாகத் தெரியும். அழுத்தித் தேய்த்தால் மேட் பரப்பு அங்கங்கே பளபளப்பாகிவிடும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது. விரல்தடம் பிடிக்காத வகை லேமினேட்டுகள் உண்டு. பேச்சை நம்பாமல் சோதித்துப் பாருங்கள்: புத்தக அளவு மாதிரிப் பலகை வாங்கி, சமையல் எண்ணெய் தொட்ட விரலை வைத்து, இரவு முழுக்க விட்டு, காலையில் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். போகவில்லை என்றால் அது உங்கள் சமையலறைக்கு வேண்டாம். கீழ் வரிசைக்கு நடுத்தர மர நிறமோ மண் நிறமோ, தூரத்து உயர அலமாரிக்கு மட்டும் கறுப்பு என்று பிரித்தால் கணவரின் விருப்பமும் நிறைவேறும். இன்றைய பாணிக்கு நிற விதி ஏதும் கிடையாது. நேர்கோடு, குறைந்த அலங்காரம், பொருள்கள் கண்ணில் படாத சேமிப்பு, இவைதான் அதன் அடையாளம்.

கைப்பிடி இல்லாமல் செய்ய மூன்று வழிகள் உண்டு. தள்ளினால் திறக்கும் வகையை மேடைக்குக் கீழே போடாதீர்கள். சாய்ந்து நிற்கும்போது இடுப்பு பட்டுத் திறந்துகொள்ளும். கீழ் டிராயர்களுக்குக் கோலா புரொஃபைல் நல்லது: கல்லுக்குக் கீழே அலுமினியப் பள்ளம் ஓடும், நான்கு விரலையும் உள்ளே விட்டு இழுக்கலாம், ஈரக்கைக்கும் வழுக்காது. டிராயர் உயரத்தில் சில சென்டிமீட்டர் போகும், பள்ளத்தை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். மேல் கேபினெட்டுக்கு எதுவுமே வாங்க வேண்டாம், கதவைப் பெட்டியைவிட 2 செ.மீ. கீழே நீட்டிவிட்டால் அதுவே பிடி. கனமான பாத்திரங்கள் வைக்கும் அடி டிராயருக்கு மட்டும் மாமியாருக்காக ஒரு நீளக் கைப்பிடி வைக்கச் சொல்வேன். மூட்டு வலிக்கும் விரல்களுக்கு அது பெரிய உதவி.

மார்பிளுக்கு சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசினால் கறை பிடிக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். சீலர் கறை ஊறுவதைத் தாமதப்படுத்தும், உண்மைதான். மார்பிள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு, வினிகர், தக்காளி பட்டால் பரப்பே கரைந்து மங்கிவிடும். அது கறை இல்லை, அரிப்பு. சீலர் அதைத் தடுக்காது. வெள்ளைதான் வேண்டுமென்றால் குவார்ட்ஸ் அமிலத்தைத் தாங்கும். ஆனால் அதில் ரெசின் கலந்திருப்பதால் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பாத்திரத்தை நேராக வைத்தால் நிறம் மாறும், சில சமயம் வெடிக்கும். சூட்டுக்கும் அமிலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் கிரானைட்டும் 12 மி.மீ. சின்டர்டு பலகையும் (கனிமத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது) மேல்.

கல் வெட்டுவதைப் பற்றி ஒரு வேண்டுகோள். குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். உலர வெட்டும்போது பறக்கும் நுண்தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற குணமாகாத நோயை உண்டாக்குகிறது. இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைக் கல்லைத் தடை செய்தது. எந்தக் கல்லை எடுத்தாலும் சிங்க் துளையும் விளிம்பும் பட்டறையில் தண்ணீர் ஊற்றி வெட்டி வர வேண்டும், வீட்டில் உலர வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வெட்டுபவரின் உயிருக்காக. அந்தத் தூசி உங்கள் வீட்டுக்குள்ளும் பல நாள் தங்கும்.

விளக்கு விஷயம் சிறியது. மேல் கேபினெட்டின் அடியில் எல்இடி பட்டையை முன் விளிம்பருகே வைக்க வேண்டும். சுவரருகே வைத்தால் மேடையின் முன்பாதி இருட்டாகும். ஒளியின் நிறம் 3000 முதல் 4000 கெல்வின், பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90. அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியைக் கழற்றி மாற்றக்கூடிய இடத்தில் வைக்கட்டும்.

முன்பணம் கொடுக்கும் முன்

விரிவான வரைபடம் இல்லாமல் பாதித் தொகை கேட்பதை ஏற்காதீர்கள். வடிவமைப்புக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்து முழு வரைபடங்களை வாங்குங்கள். ஒவ்வொரு சுவரின் நேர்த்தோற்றம் செ.மீ. அளவுடன், குழாய் வரைபடம், சுவிட்ச் வரைபடம். பிறகு வேலையின் கட்டங்களுக்கேற்ப பணம். கடைசி 10 சதவீதம், எல்லாம் பொருத்தி ஒரு மாதம் பயன்படுத்திய பின். கேபினெட் அளவை, சுவரில் டைல் ஒட்டி முடித்த பிறகே இறுதியாக எடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஓரங்களில் இடைவெளி விழும், அதை சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போவார்கள்.

"நல்ல தரமான பலகை" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. சிங்க் அடியில் கொதிநீர் தாங்கும் வகை பிளைவுட், 18 மி.மீ.; குழாய்க்காக வெட்டிய துளைகளின் ஓரமும் அடைக்கப்பட வேண்டும், பலகை ஊதத் தொடங்குவது அங்கிருந்துதான். பலகைப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவு ஈ1 என்ற தரம் அல்லது அதைவிடக் குறைந்த வகை. பலகையின் விளிம்பை மூடும் எட்ஜ் பேண்ட், பி.யூ.ஆர். (பாலியூரித்தேன்) பசையால் ஒட்டியதாக இருக்கட்டும். சாதாரணப் பசை ஓவன் அருகிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஆவியிலும் இளகி உரியும். பாத்திர டிராயர் சேனல் 60 கிலோவுக்குக் குறையாமல். பெட்டிகள் தரையிலிருந்து 10 செ.மீ. உயரப் பிளாஸ்டிக் கால்களில் நிற்க வேண்டும்.

இந்த வாரக் கடைசியில் வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி அந்த ஐலண்டை அதன் உண்மையான அளவில் ஹாலில் நிறுத்துங்கள். ஸ்டூல் இடத்தையும் டேப்பால் குறியுங்கள். இரண்டு நாள் அப்படியே இருங்கள். கணவருடன் வாதாட வேண்டிய தேவை அதற்குப் பிறகு இருக்காது என்று நினைக்கிறேன்.

நிறுவனத்துக்கு இப்படி எழுதலாம்: "சுவர் குறித்துப் பொறியாளரின் எழுத்து அறிக்கையும் சங்கத்தின் அனுமதியும் வந்த பிறகே முடிவு சொல்வோம். அதுவரை சிங்க்கும் அடுப்பும் வெளிச்சுவரிலேயே இருக்கும்படி, நடுவில் 120 செ.மீ. நடைபாதையுடன், அடுப்பு மேடை 81 செ.மீ. உயரத்தில் புதிய வரைபடம் ஒன்று தாருங்கள். அதற்கான கட்டணத்தைத் தனியாகச் செலுத்துகிறோம்." அறிக்கையில் அது கான்கிரீட் சுவர் என்று வந்தால் ஜன்னலையும் கைவிடுங்கள். வாசலுக்குக் கண்ணாடிக் கதவு மட்டும் போடுங்கள். மற்ற எல்லாவற்றையும் மேலே சொன்னபடியே செய்யலாம்.